ஒரு நல்ல மனிதரைத் தோற்கடிப்பது எப்படி?

உங்கள் தொகுதியில் ஒரு நல்ல மனிதர் சுயேச்சையாக நிற்கிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம், ஏரியை மீட்க வழக்குப் போட்டு அலைந்தவராக இருக்கலாம். உங்களுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது, அவருக்காக உழைக்கப் போகிறீர்கள். நல்லது. கட்சிக்காரர்களுக்கு அவரைத் தோற்கடிக்க நேரமில்லை. ஒருத்தரை ஒருத்தர் கவனித்துக்கொள்ளவே அவர்களுக்குப் பொழுது சரியாகப் போய்விடும். ஆகவே அந்த வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது.

மலைக்காதீர்கள். இதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். அசட்டையாக மட்டும் இருந்துவிடாதீர்கள். மேட்டூர் பத்மராஜனைத் தெரியும் இல்லையா? 'தேர்தல் மன்னன்'. 1988-லிருந்து 200 தடவைக்கு மேல் மனுப் போட்டவர். தோற்பதில்தான் சந்தோஷம் என்று வாய்விட்டுச் சொல்பவர். அவருக்கே 2011-ல் மேட்டூரில் 6,273 ஓட்டு விழுந்துவிட்டது. சும்மா இருந்தால் ஓட்டு தானாக வந்து சேரும் ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே இறங்க உழைப்பு வேண்டும்.

1. வாட்ஸ்அப் குழுவில் தொடங்குங்கள்

குழுவுக்குப் பெயர் வைக்காமல் வாசற்படி தாண்டாதீர்கள். 'மாற்றம்' வேண்டுமா, 'எழுச்சி' வேண்டுமா என்று மூன்று நாள் பேசுங்கள். நான்காம் நாள் லோகோ. கை உயர்ந்திருக்க வேண்டுமா, சூரியன் மாதிரி ஏதாவது வந்துவிட்டால் வேறு கட்சி ஞாபகம் வராதா என்பதெல்லாம் ஆழ்ந்து யோசிக்க வேண்டிய விஷயங்கள்.

எங்கள் குழுவில் 412 பேர் இருந்தோம். துபாயில் சிலர், பெங்களூரில் நிறைய, ஓ.எம்.ஆரில் இன்னும் நிறைய. தொகுதியில் ஓட்டு இருப்பவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நீங்களும் எண்ணாதீர்கள், மனசு விட்டுப்போகும். மனுத் தாக்கலுக்கான கடைசி நாள் தாண்டினால் வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் ஏறாது. ஆகவே பெயர் சேர்க்கும் படிவம் 6 பற்றி மறுநாள் காலையில் பேச்சை எடுங்கள். ரொம்பக் காரசாரமான விவாதமாக இருக்கும்.

2. மனுத் தாக்கலைக் கடைசி நாள் மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்

நல்ல நேரம் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். மனு வாங்கும் நேரம் காலை 11-லிருந்து மாலை 3. நீங்கள் ஒன்றே முக்காலுக்குக் கிளம்புங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் நம் அவஸ்தைக்கு அதுதான் காரணம். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகளின் குறையை யாரும் கேட்கவில்லை என்று கூட்டம் கூட்டமாகப் போய் மனுப் போட்டார்கள். தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று, ஓட்டுச் சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடித்தார்கள். அதில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, சொந்த வீட்டு ஓட்டு உள்பட. அதே வருஷம் சட்டம் மாறியது. 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற டெபாசிட் 5,000 ஆயிற்று, இப்போது 10,000. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குப் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேருமே அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும்.

412 பேரில் பத்து. அதிலென்ன கஷ்டம் என்று நினைத்தோம். இரண்டு இருபதுக்குத் தாலுகா அலுவலக வாசலில் நின்று பாகம் எண், வரிசை எண் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்பதாவது ஆள் பக்கத்துத் தொகுதி வாக்காளர் என்று தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. பத்தாவது ஆள் போனை எடுக்கவில்லை. எட்டுப் பேரோடு ஜெராக்ஸ் கடையில் நின்றோம். கடைக்காரர் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார், "எத்தனை கையெழுத்துக் குறையுது?"

"ரெண்டு."

"எனக்கும் என் வீட்டம்மாவுக்கும் இங்கதான் ஓட்டு. யாருக்குங்க?"

"நம்ம தலைமையாசிரியர் சாருக்கு."

"எந்த ஸ்கூல் சார்?"

பதில் சொல்ல நேரமில்லை. விரலில் இருந்த மையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போட்டார். உள்ளே இருந்து அந்த அம்மா கரண்டியோடு வந்து போட்டார். காகிதங்களை அடுக்கி, ஓரத்தில் டக் டக் என்று ஸ்டேப்ளர் அடித்துக் கையில் கொடுத்தார். "சின்னம் கிடைச்சதும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

நிச்சயமாகச் சொல்கிறோம் என்றோம். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

3. சின்னத்தை மதிக்காதீர்கள்

சுயேச்சைக்குச் சின்னம் கையில் கிடைப்பது மனு வாபஸ் வாங்கும் நாள் முடிந்த பிறகுதான். அங்கிருந்து ஓட்டுப்பதிவுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம். இரண்டரை லட்சம் பேருக்குமேல் இருக்கும் தொகுதியில் ஒரு படத்தை அத்தனை பேர் மனசிலும் பதிய வைக்க அவ்வளவுதான் அவகாசம். அதை எப்படி வீணாக்குவது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள்தான் கொள்கைக்காரர்கள் ஆயிற்றே. சின்னம் அற்ப விஷயம், சிந்தனைதான் முக்கியம்.

எங்களுக்கு விழுந்தது ஸ்டேப்ளர். ஓட்டு மிஷினில் ஒட்டும் கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும். முதல் நாளே ஒரு பாட்டி நோட்டீஸைக் கையில் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முதலையா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி, முதலைதான், அதையே அமுக்குங்க என்று சொல்லியிருந்தால் ஒரு ஓட்டு உறுதியாகியிருக்கும். நல்லவேளை, எங்கள் பொறியியல் பட்டதாரி ஒருவர் அது முதலை இல்லை என்பதை ஐந்து நிமிஷம் விளக்கினார். நிஜ ஸ்டேப்ளரையே கையில் எடுத்துப் போய் வீடு வீடாக டக்கென்று அடித்துக் காட்டலாமே என்று ஒரு கல்லூரிப் பையன் சொன்னான். தரம் தாழ்ந்துவிடும் என்று குழுவில் 14 பேர் கட்டைவிரலைக் கீழே காட்டினார்கள்.

இன்னொன்று, வரிசை எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில் வரும், பதிவு மட்டும் செய்த சிறு கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில், அதிலும் அகர வரிசையில். ஒரு பெட்டியில் 16 பேர்தான். 2021-ல் கரூரில் 77 பேர் நின்றார்கள், நோட்டாவையும் சேர்த்தால் ஐந்து பெட்டி. அந்த மறைப்புக்குள் குனிந்து, எதிரே வரிசையாகப் பெட்டிகளைப் பார்த்துத் திகைக்கும் ஒருத்தருக்கு 'இரண்டாவது பெட்டி, மேலிருந்து ஏழாவது' என்ற நாலு வார்த்தை எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். யோசித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

2024-ல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். ஜனங்கள் பெயரை விட்டுவிட்டுப் பலாப்பழத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினார்கள், அவர் இரண்டாமிடம் வந்தார். பழத்தைக் காட்டி ஓட்டு வாங்குவதா? நமக்கு வேண்டவே வேண்டாம்.

4. நோட்டீஸ்

ஏ4 தாள், இரண்டு பக்கம், இடைவெளி விடாமல். நீட் தேர்வு, ஜி.எஸ்.டி., நிலத்தடி நீர், மாநில சுயாட்சி எல்லாம் வந்துவிட வேண்டும். சின்னம் கீழே வலது ஓரத்தில், தபால்தலை அளவில். அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று சட்டம். அதை முழு 5,000 நோட்டீஸும் அச்சான பிறகு ஞாபகப்படுத்துங்கள். ரப்பர் ஸ்டாம்பு அடிக்கும் வேலை கிடைக்கும், தொண்டர்களுக்கு இரண்டு இரவு ஓடும்.

5. ஆட்டோ

வேகமாக ஓட்டச் சொல்லுங்கள். எங்கள் தெருவை அது கடந்தபோது எனக்குக் கேட்டது "...ஆகவே பெரியோர்களே..." மட்டும்தான்.

6. வீடு வீடாகப் போகும்போது

இதுதான் மிகவும் அபாயகரமான கட்டம். வாக்காளரும் நீங்களும் நேருக்கு நேர் நிற்கும் ஒரே இடம். கொஞ்சம் அசந்தால் அவர்கள் ஓட்டுப் போட்டுவிடுவார்கள்.

முதலில், வாக்காளர் பட்டியலைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். பாகம் வாரியாக, வீட்டு எண்ணோடு இணையத்திலேயே கிடைக்கிறது. கட்சிகளின் பூத் கமிட்டிக்காரர்கள் அதைத்தான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். யார் நமக்கு, யார் அவனுக்கு, யாருடைய மகன் திருப்பூரிலிருந்து ஓட்டுப் போட வருவான் என்று பேனாவால் குறித்துக்கொள்கிறார்கள். கணக்குப்பிள்ளை வேலை. நாம் செய்வது புரட்சி.

கூட்டமாகப் போங்கள். 15 பேர், ஒரே நிறத் துண்டு, ஒருவர் கையில் லைவ் போடும் போன். திறந்த கதவைவிட மூடிய கதவுக்கு முன்னால் படம் நன்றாக வரும்.

பேச்சு எப்படி இருக்க வேண்டும்? என் சொந்த அனுபவத்தைத் தருகிறேன். காலை ஆறே முக்கால், தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். நாலு குடம் வரிசையில், மூன்றாவது குடத்துக்கார அக்கா.

"அக்கா, ரெண்டு நிமிஷம்."

"தண்ணி நின்னுடும் தம்பி, சீக்கிரம் சொல்லு."

நான் 1967-லிருந்து ஆரம்பித்தேன். 1977-க்கு வந்தபோது அவர் குறுக்கே புகுந்தார்.

"முக்குல சாக்கடை அடைச்சு நாலு மாசமாச்சு. புள்ளைக்குக் காய்ச்சல் விட்டபாடில்ல. இவரு வந்தா எடுத்துவிடுவாரா?"

அண்ணனோ தம்பியோ, யாராக இருந்தாலும் இங்கே தடுமாறுவார்கள். சார் அதே சாக்கடைக்கு நகராட்சிக்கு மூன்று மனுக் கொடுத்திருக்கிறார், அதன் நகல் என் பையிலேயே இருக்கிறது என்று உளறிவிடத் தோன்றும். நான் சுதாரித்துக்கொண்டேன். "அக்கா, அது வார்டு கவுன்சிலர் வேலை. எம்.எல்.ஏ.ங்கறவர் சட்டம் இயற்றுபவர்" என்றேன். சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவர் குடத்தை இடுப்பில் ஏற்றி, தலைப்பைச் சொருகிக்கொண்டு, "அப்ப கவுன்சிலர்கிட்டயே சொல்லிக்கறேன்" என்று போய்விட்டார். சரியாகப் பேசியவனின் நிம்மதியோடு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

காசு விஷயம் தனிப் பாடம். கவர் வாங்கிய வீடு எது என்று தெரு முழுக்கத் தெரியும். அந்த வீட்டு வாசலில் நின்றுதான் "அஞ்சு வருஷத்தை ஐந்நூறு ரூபாய்க்கு வித்துட்டீங்களே" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். மூன்று கட்சியிடமும் வாங்கிக்கொண்டு மனசுக்குப் பட்டவருக்குக் குத்துகிறவர்கள் உண்டு, அவர்கள் நம் பக்கம் சாயக்கூடியவர்கள். இந்தக் கேள்வி அவர்களைத்தான் முதலில் விரட்டும்.

7. உதவிக்கு வருகிறவனைச் சும்மா விடாதீர்கள்

ஒரு நாள் டீக்கடையில் அறுபது வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருவார். இருபத்தைந்து வருஷம் ஏதோ ஒரு கட்சியின் கிளைச் செயலாளராக இருந்தவர். மகனுக்கு வேலை வாங்கித் தரவில்லை, போஸ்டரில் பேர் போடவில்லை, ஏதோ மனக்குறை. "அந்த நாலு தெருவும் எனக்கு அத்துப்படி, நான் பாத்துக்கறேன்" என்பார். உண்மையிலேயே அத்துப்படிதான். எந்த வீட்டில் மாமியார் சொன்னால் மருமகள் கேட்பாள், எந்த வீட்டில் நேர்மாறு என்பதுவரை தெரியும்.

"இத்தனை வருஷம் எங்க போயிருந்தீங்க? நீங்களும் கொள்ளையில பங்காளிதானே?" என்று கேளுங்கள். கேட்கும்போது பக்கத்தில் நாலு பேர் இருக்கட்டும். எங்களிடம் வந்தவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். காசை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார், எங்களுக்கும் சேர்த்து. அந்த நாலு தெருவில் எங்களுக்கு விழுந்தது மொத்தம் 19.

டீக்கடையில் யாராவது "சுயேச்சை எங்கங்க ஜெயிக்கப் போறாரு" என்றால் 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை எடுத்துவிடுங்கள். டி.டி.வி.தினகரன், குக்கர் சின்னம், சுயேச்சை, 40,707 ஓட்டு வித்தியாசம். அவருக்குப் பின்னால் தெருவுக்குத் தெரு அனுபவப்பட்ட கட்சிக்காரர்கள் நின்றார்கள் என்பது வேண்டாத விவரம். சற்று முன்னால்தான் அப்படி ஒருவரை எழுப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

8. பதவிகளைப் பிரித்துக் கொடுங்கள்

ஊடகக் குழு, கொள்கை விளக்கக் குழு, சமூக வலைத்தளக் குழு, ஒழுங்கு நடவடிக்கைக் குழு. கடைசியாகச் சொன்னதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வேறு கட்சிக்காரர் கல்யாணத்துக்கு மொய் வைத்தவர், மீம் போடாதவர், சாரிடம் நேரடியாகப் பேசியவர் என்று விசாரிக்க ஆட்களுக்கா பஞ்சம்?

பூத் ஏஜென்ட் பட்டியல் மட்டும் போடாதீர்கள்.

9. ஓட்டுப்பதிவு நாள்: நன்றாகத் தூங்குங்கள்

தொகுதியில் முந்நூறு, நானூறு வாக்குச்சாவடி இருக்கும். ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் ஐந்தரைக்கே மாதிரி ஓட்டுப்பதிவு தொடங்கும். ஏஜென்ட்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, சரிபார்த்து, அழித்துவிட்டுச் சீல் வைப்பார்கள். சாயங்காலம் மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவாயிற்று என்ற 17சி படிவத்தின் நகலை ஏஜென்ட் கையில் கொடுப்பார்கள். அவ்வளவு சீக்கிரம் எழுந்து, வெளியே வராமல், கட்டிப்போன இட்லியைத் தின்றுகொண்டு பதின்மூன்று மணி நேரம் ஒரு பள்ளிக்கூட பெஞ்சில் உட்காருவதற்கு 412 பேரில் எங்களுக்குக் கிடைத்தவர்கள் ஆறு பேர். அதிலும் ஒருவர் சாரின் மச்சினர்.

நீங்கள் பத்து மணிக்கு நிதானமாகப் போங்கள். மை வைத்த விரலைப் படம் எடுத்துப் போடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் "வர முடியல, மனசு அங்கதான் இருக்கு" என்று எழுதுவார்கள். இதயப் படம் போட்டுப் பாராட்டுங்கள்.

10. எண்ணிக்கை நாள்

மூன்றாவது சுற்றிலேயே மிஷினில் கோளாறு என்று எழுதிவிடுங்கள். அதை நிரூபிக்க வேண்டுமானால் 17சி நகலோடு எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். உங்களிடம் இருப்பது ஆறு. அந்த ஆறிலும் கணக்குச் சரியாகவே இருக்கும், அதனால் அதை வெளியே காட்டாதீர்கள்.

டெபாசிட் திரும்ப வர, செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். இரண்டு லட்சம் பதிவானால் 33,333-ஐத் தாண்ட வேண்டும். எங்கள் கணக்கு அதற்கு வெகு கீழே நின்றது. எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். பத்மராஜனை நாங்கள் தாண்டவில்லை என்பது மட்டும் போதும்.

அப்புறம் வாக்குச்சாவடி வாரியான பட்டியல் வெளியாகும். அதில் உங்கள் சொந்தச் சாவடியைப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். நான்கு. என் வீட்டில் ஐந்து ஓட்டு. அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். அம்மா, "ரசம் போடவா?" என்றார்.

11. கணக்கு ஒப்படைக்கும் நேரத்தில் போனை அணைத்துவிடுங்கள்

முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று வருஷம்வரை தேர்தலில் நிற்கத் தடை வரலாம். ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. நல்ல மனிதரை இந்த ஒரு தேர்தலோடு விட்டுவிடாமல் அடுத்ததற்கும் சேர்த்துத் தோற்கடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. ஆட்டோ வாடகைச் சீட்டு உங்கள் பழைய சட்டைப் பையில் இருக்கும், நோட்டீஸ் பில் யார் வீட்டிலோ. சார் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். எடுக்காதீர்கள். குழுவுக்குள் போய்ப் பார்த்தால் பெயரே மாறியிருக்கும், பக்கத்து மாவட்டத்தில் வேறொரு நல்ல மனிதர் கிடைத்திருப்பார்.

எங்கள் சார் எங்களை எதிர்பார்த்துப் பயனில்லை என்று தெரிந்ததும் ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு தானே ரசீது வாங்கக் கிளம்பினார். கடைசியில் ஜெராக்ஸ் கடை, 214 ரூபாய். கடைக்காரர் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். அன்னைக்குக் கையெழுத்துப் போட்டோமே, அவருக்கு ஓட்டுப் போடலாம்னுதான் நானும் வீட்டம்மாவும் போனோம். பெட்டி பெட்டியா வச்சிருந்தாங்க, ஒண்ணும் புரியல. என்ன சின்னம் சார் கடைசியில கிடைச்சுது?" என்றாராம்.

சார் மேசையைப் பார்த்தார். ரசீதுகளை ஒன்றாகச் சேர்த்து அடிக்கக் கடைக்காரர் அதைத்தான் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.